கோடு நின்ற உயரம்

— அங்க இல்ல, இந்தப் பக்கம். தண்ணித் தொட்டிக்கு நேர் மேல பாரு.

— பாத்துட்டேன், அண்ணி. வெள்ளையா ஒரு கோடு. விமானம் போனா வர்றதுதானே? இதைக் காட்டவா என்னை ஆபீஸ்லேர்ந்து கிளப்பி, ஆறு மாடி ஏற வெச்சீங்க?

— விமானம் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு. கோட்டோட வால் பக்கத்தைப் பாரு. கரைஞ்சிருக்கா?

— இல்ல. அகலமாயிருக்கு. பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி.

— அதான் விஷயம். மேல காத்து காஞ்சிருந்தா, குளிர்ல நாம விடற மூச்சு மாதிரி தெரிஞ்சு உடனே போயிடும். ஈரம் இருந்தா போகாது. இன்ஜின்லேர்ந்து வர்ற ஆவி பொடிப் பொடியா உறைஞ்சு, சுத்தியிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கிட்டுப் பரவும். இருட்டறதுக்குள்ள ஊரையே மூடற போர்வை ஆயிடும். பகல் முழுக்க வாங்கின சூட்டை பூமி ராத்திரிதான் வெளிய விடணும். அந்தப் போர்வை விடாது.

— தெரியும், அண்ணி. நான் எழுதினதுதானே. பக்கம் நாப்பத்திரண்டு, பத்தி நாலு.

— எழுதறது வேற, அண்ணாந்து பாக்கறது வேற. எட்டு மாசமா நாட்டோட விமானக் கொள்கையை எழுதற. ஒரு நாளாவது வானத்தைப் பாத்தியா, ஆபீசர்?

— எங்க அறையில ஜன்னலே கிடையாது. பழைய கோப்புகளை வெச்சிருந்த அறை. துறைச் செயலாளர் கூப்பிட்டா ஓடணும், விமானக் கம்பெனிக்காரங்க வந்தா உக்காந்து கேக்கணும். எரிபொருளைப் பத்தி மூணு அத்தியாயம், சத்தத்தைப் பத்தி ஒண்ணு. எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. இந்த ஒரு பத்திக்குத்தான் அத்தனை சண்டை.

— என்ன சண்டை? எல்லா நாளும் இல்ல, எல்லா விமானமும் இல்ல. ஈரம் இருக்கிற நாள்ல, ஈரத்துக்குள்ள போறவங்க மட்டும் ரெண்டாயிரம் அடி கீழயோ மேலயோ மாறிப் போங்கன்னு கேக்கறோம். அந்த ஈரம் ஒரு பாய் மாதிரிதான் விரிஞ்சு கிடக்கு. பாயை மிதிக்காம தாண்டிப் போன்னா, முடியாதாமா?

— கம்பெனிக்காரங்க எரிபொருள் கூடுதலா ஆகும்னாங்க. விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோல் அறையில இருக்கவங்க வேலை அதிகமாகும்னாங்க. அதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இருந்தது. விமானிகள் சங்கத்துக் கடிதத்துக்குத்தான் பதில் இல்ல.

— சங்கத் தலைவர் கையெழுத்து போட்ட கடிதம்.

— ஆமா.

— என் வீட்டுக்காரர். உன் கூடப் பிறந்த அண்ணன்.

— ஆமா, அண்ணி. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். “வானிலை அலுவலகத்தின் ஊகத்தை நம்பி, முன்னூறு பேர் அமர்ந்திருக்கும் விமானத்தின் உயரத்தை மாற்ற இயலாது.” வானிலை அலுவலகம்னா யாரு? நீங்கதானே. வீட்ல உங்க முகத்தைப் பாத்துட்டு எப்படித்தான் எழுதினாரோ.

— சாப்பாட்டு மேஜையிலதான் எழுதினார். நான் எதிர்ல உக்காந்து கேரட் சீவிக்கிட்டு இருந்தேன். ஊகம்னு எழுதாதீங்க, கணிப்புன்னு எழுதுங்கன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்னார். அன்னிக்குப் பேச்சு நின்னது, மூணு வாரமாச்சு. சரி, அதை விடு. மணி என்ன?

— அஞ்சு அஞ்சு.

— இன்னும் நாலு நிமிஷத்துல ஒண்ணு வரும். அதுக்காகத்தான் உன்னை வரச் சொன்னேன். கம்பெனிக்காரங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி இன்னிக்கு ரெண்டு விமானத்துக்குச் சம்மதம் வாங்கியிருக்கேன். நாளைக்குக் காலையில உங்க கூட்டம் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நீ உன் கண்ணால பாத்துடணும்னு.

— ரெண்டு விமானமா? சோதனைக்கா?

— ஆமா. வழக்கமா இந்த வழியா முப்பத்தஞ்சாயிரம் அடியில போறவங்க. மதியம் நான் போட்ட கணக்குப்படி ஈரம் முப்பத்துநாலுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவுல. அதனால முதல் விமானத்தை முப்பத்துமூணுக்கு இறங்கிப் போகச் சொல்லியிருக்கேன். கோடே வராது, பாரேன்.

— உங்க கையில அந்தத் திரையில ஓடறது என்ன, நீங்க விடற பலூனோட கணக்கா?

— ம். நாலரைக்கு இதே மாடியிலேர்ந்துதான் விட்டோம். இவ்வளவு பெரிய வெள்ளை பலூன், அடியில ஒரு சின்ன டப்பா. ஏற ஏற, ஈரம் எவ்வளவு, குளிர் எவ்வளவுன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகும். இப்ப இருபத்தொன்பதாயிரம் அடி தாண்டுது. மேல போய் வெடிச்சு எங்கயாவது விழும். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருக்கும், பாவம்.

— அண்ணி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்காகவும்தான் வந்தேன்.

— இரு, வருது. அந்த ஆன்டெனாவுக்கு இடது பக்கம். மினுக்குன்னு ஒரு பொட்டு தெரியுதா?

— தெரியுது.

— அதான் முதல் ஆள். பின்னால பாரு. வெறும் வானமா இருக்கணும்.

— அண்ணி.

— ம்.

— கோடு வருது.

— தெரியுது.

— மெல்லிசாத்தான் வருது. ஆனா வருது. முன்னாடி போனதை விட இது வெளுப்பா இருக்கு.

— நான் தப்பா சொல்லிட்டேன்.

— உயரம் மாறாமலே போயிருக்கலாம் இல்ல?

— இல்ல. முப்பத்துமூணுலதான் போகுது, கன்ட்ரோல்லேர்ந்து அப்பவே சொல்லிட்டாங்க. அவங்க செஞ்சது சரி. என் கணக்குதான் தப்பு. பாய் நான் நெனச்சதை விடத் தடிமன்.

— பரவாயில்ல, அண்ணி. உக்காருங்க. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கா?

— இருக்கு. எனக்கு வேண்டாம். நீ குடி. ஏதோ சொல்லணும்னியே, சொல்லு.

— இப்ப வேண்டாம்.

— இப்பவே சொல்லு. எப்படியும் மனசு நொந்துதான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் நொந்தா ஒண்ணும் ஆயிடாது.

— நேத்து சாயங்காலம் வரைவைக் கொடுத்துட்டேன். நாளைக்குக் கூட்டத்துல வைக்கிற பிரதி அதுதான். பத்தி நாலை எடுக்கல.

— அப்புறம் என்ன?

— ஒரு சொல் சேர்த்தேன். “விமானங்கள் உயரத்தை மாற்ற வேண்டும்”னு இருந்ததை, “இயன்றவரை மாற்ற வேண்டும்”னு ஆக்கினேன்.

— இயன்றவரை.

— ம்.

— ஒரே சொல்லு. ஆனா போதும் இல்ல? இயலலன்னு ஒரு வரி எழுதிட்டு எல்லாரும் எப்பவும் போலப் போவாங்க. பத்தியை எடுத்திருந்தாலாவது இன்னொருத்தர் வந்து மறுபடி எழுதுவாங்க. இப்ப, அதான் விதி இருக்கேன்னு சொல்லி யாரும் தொட மாட்டாங்க. யார் சொன்னது? செயலாளரா?

— யாரும் சொல்லல. செயலாளர் ஓரத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். எனக்கு அது சாக்காப் போச்சு. நிஜம் என்னன்னா, ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நீங்க. நான் எழுதற ஒரு வரியால ஒரு வீட்ல ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க. எல்லாருக்கும் இடம் விட்டு எழுதிட்டா சண்டை தீரும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி நிம்மதியாத் தூங்கக்கூட செஞ்சேன். காலையில நீங்க கூப்பிட்டதும்தான் செஞ்சது தப்புன்னு உறைச்சது.

— இப்ப இந்தக் கோட்டைப் பாத்ததும் நிம்மதியா இருந்திருக்குமே. அண்ணி கணக்கு தப்பு, நாம சேர்த்த சொல்லு சரின்னு.

— ஒரு நிமிஷம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

— உங்க அண்ணன் ஏன் அந்தக் கடிதம் எழுதினார்னு உனக்குத் தெரியுமா?

— வீம்பு. வேற என்ன.

— வீம்பு இல்ல. உன்கிட்ட அவர் சொல்லியிருக்க மாட்டார், எனக்கே கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுத்தான் சொன்னார். அவர் துணை விமானியா இருந்தப்போ, இது மாதிரி ஒரு சாயங்காலம், கீழ இறங்கினா காத்து அமைதியா இருக்கும்னு ஒரு வானிலை அலுவலகம் சொல்லியிருக்கு. இறங்கியிருக்காங்க. இறங்கின இடத்துல காத்து விமானத்தைத் தூக்கிப் போட்டிருக்கு. பெல்ட் மாட்டச் சொல்ற விளக்கைப் போடல. பின்னால ஒரு பணிப்பெண், இருபத்திரண்டு வயசு, டீ ஊத்திக்கிட்டு நின்னிருக்கா. கூரையில போய் இடிச்சு விழுந்தவ, அப்புறம் எழுந்து நடக்கல.

— அண்ணி.

— வருஷம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவார். என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல. அந்தப் பொண்ணுக்கு இப்ப நாப்பது தாண்டியிருக்கும். அந்தக் கடிதத்துல முன்னூறு பேர்னு எழுதியிருந்தாரே, அவர் மனசுல ஒரே ஒருத்திதான்.

— எனக்குத் தெரியாதே. நான் அவரை என்னென்னவோ நெனச்சுட்டேன்.

— நானும்தான். இரு, பலூன் முப்பத்தஞ்சாயிரம் தாண்டுது. ஈரம், ஈரம், இன்னும் ஈரம். அடிப்பக்கம் முப்பத்தொண்ணரையிலேயே ஆரம்பிச்சிருக்கு. ரெண்டாயிரம் அடி பாய்னு நெனச்சேன், இது மெத்தை. முப்பத்தாறு. முப்பத்தாறரை. ம்.

— என்ன?

— ஈரம் நின்னுடுச்சு. பாரு இந்த எண்ணை, தொபுக்குன்னு விழுது. முப்பத்தாறாயிரத்து அறுநூறுக்கு மேல எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. கீழ இறங்கச் சொன்னதே தப்பு, மேல ஏறணும். முப்பத்தேழுக்கு ஏறணும்.

— ரெண்டாவது விமானம் எப்ப வரும்?

— பன்னிரண்டு நிமிஷத்துல. அதுக்குள்ள சொன்னாத்தான் ஏற முடியும்.

— விட்டுடுங்க, அண்ணி. இன்னிக்கு ஒரு தடவை தப்பாப் போச்சு. மறுபடியும் போச்சுன்னா, உங்க பேச்சை யாரும் எப்பவும் கேக்க மாட்டாங்க. என் கொள்கையும் போயிடுச்சு, இனிமே யாருக்காக இதெல்லாம்?

— யாருக்காகவும் இல்ல. மேல காஞ்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்லாம இருக்கறது?

— அந்த விமானி உங்க பேச்சைக் கேப்பாரா? முதல்ல போனவர் இறங்கியும் கோடு விழுந்தது ரேடியோவுல எல்லாருக்கும் கேட்டிருக்குமே.

— கேட்டிருக்கும். அந்த விமானி யாருன்னு உனக்கு இன்னும் சொல்லல. உங்க அண்ணன்.

— அண்ணனா? அவர் எப்படி ஒத்துக்கிட்டார்?

— ஒத்துக்கல. கம்பெனி தேர்ந்தெடுத்த விமானத்துல இன்னிக்கு அவருக்கு டியூட்டி, அவ்வளவுதான். மாட்டேன்னு சொல்ற உரிமை கேப்டனுக்கு உண்டு. காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே, இன்னிக்கு உயரம் மாத்தச் சொல்லிக் கேப்போம்னேன். மூணு வாரத்துல நானாப் பேசின முதல் பேச்சு அது. சட்டையை வாங்கிக்கிட்டார். போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். ஃபோனை எடு, கன்ட்ரோல் எண் மேலயே இருக்கு. ஸ்பீக்கர்ல போடு.

— ரிங் போகுது. பேசுங்க.

— தம்பி, வானிலை ஆபீஸ்லேர்ந்து பேசறேன். என் மதியக் கணக்கு தப்பு. பலூன் இப்ப சரியாச் சொல்லியிருக்கு. ரெண்டாவது விமானத்தை முப்பத்தேழுக்கு ஏறச் சொல்லிக் கேளுங்க. ஏறும்போது நடுவுல லேசா ஆட்டம் இருக்கலாம். பெல்ட் விளக்கு போட்டுட்டு, எல்லாரும் உக்காந்தப்புறம் ஏறட்டும். அதைக் கட்டாயம் சொல்லுங்க.

— சரி மேடம். சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, முதல் விமானத்துக்குக் கோடு விழுந்ததை கேப்டன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார்.

— தெரியும். தப்பாச் சொன்னவங்களேதான் மறுபடி சொல்றாங்கன்னும் சொல்லிடுங்க. மறைக்க வேண்டாம்.

— சரிங்க மேடம். லைன்லயே இருங்க. இதோ கேட்டேன். ம். யோசிச்சுச் சொல்றேங்கறார். நான் அப்புறம் கூப்பிடறேன்.

— யோசிக்கறாராம், அண்ணி.

— யோசிக்கட்டும். அது அவர் விமானம்.

— மறுபடியும் பலூன் கணக்கையே பாக்கறீங்க.

— சரிதானான்னு பாக்கறேன். நீ மேற்கால பாத்துக்கிட்டே இரு. உன் கண்ணு சின்ன வயசுக் கண்ணு, சீக்கிரம் தெரியும்.

— இன்னும் ஒண்ணும் இல்ல. எவ்வளவு பெரிய வானம், அண்ணி. அறுபத்தோரு பக்கத்துல இதைப் பத்தித்தான் எழுதிக்கிட்டு இருந்தேனா?

— கழுத்து வலிக்கும், சுவத்துல சாஞ்சுக்கோ.

— வந்துடுச்சு. அந்த அடுக்குமாடி உச்சிக்கு மேல. வெயில் பட்டு நெருப்புப் பொறி மாதிரி இருக்கு.

— கோடு?

— இருக்கு. நல்லா கனமா. ரெட்டைக் கோடா ஆரம்பிச்சு ஒண்ணாச் சேருது.

— இன்னும் முப்பத்தஞ்சுலதான் போறார்.

— ஏறலையா?

— இங்கேருந்து ஏறறது தெரியாது. கோடு மட்டும்தான் சொல்லும்.

— அப்படியேதான் வருது, அண்ணி. பாதி வானம் வந்தாச்சு. நம்ம தலைக்கு மேல வரப்போகுது. அவர் கேக்கல போல. பரவாயில்ல, அண்ணி. நீங்க சொன்னீங்க, அவ்வளவுதான் உங்களால முடியும்.

— பேசாத. பாரு.

— அது, அண்ணி. அது என்ன?

— பாத்துக்கிட்டே இரு.

— மெலியுது. நூல் மாதிரி ஆயிடுச்சு. இல்ல. இல்லவே இல்ல. நின்னுடுச்சு, அண்ணி. விமானம் போய்க்கிட்டே இருக்கு, கோடு நின்னுடுச்சு.

— ம்.

— கோட்டோட முனை அங்கேயே இருக்கு, யாரோ எழுதிக்கிட்டே வந்து பாதியில கையை எடுத்துட்ட மாதிரி. அதுக்கப்புறம் வெறும் நீலம். அவர் மட்டும் தனியாப் போறார். சத்தம் இப்பதான் வருது, கேக்குதா? அவ்வளவு பெரிய இரும்பு, உள்ள முன்னூறு பேர், ஒரு கீறல்கூட விழாம போகுது.

— நானும் இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— நீங்களுமா?

— இருபத்தாறு வருஷமா பலூன் விடறேன். எண்ணாத்தான் பாத்திருக்கேன். ஈரம் முடியற இடம் ஒரு எண்ணு, அவ்வளவுதான். அந்த இடத்தை இப்படி வானத்துல, கண்ணுக்கு நேரா, ஒருத்தர் தொட்டுக் காட்டி நான் பாத்ததில்ல. அதுவும் அவர்.

— அழறீங்களா?

— வெயில்ல கண்ணு கூசுது. நீ ஏன் அழற?

— தெரியல. ரெண்டாயிரம் அடி. நாங்க எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் எதிர்த்தாங்க. அந்தச் சண்டை எல்லாம் இந்த ரெண்டாயிரம் அடிக்கா? நடந்தா பத்து நிமிஷம்கூட ஆகாத தூரம். அதுக்குப் போய் நான் அந்தச் சொல்லைச் சேர்த்தேனே. ஃபோனைக் கொடுங்க.

— யாருக்கு?

— செயலாளருக்கு. நீங்க பேசாம இருங்க, எனக்குத் தைரியம் போயிடும். ஐயா, வணக்கம், நான்தான். பத்தி நாலு. ஆமாங்கய்யா. அதுல ஒரு சொல்லை எடுக்கணும். இல்லங்கய்யா, யாரும் அழுத்தம் கொடுக்கல. சேர்த்தப்பவும் கொடுக்கல. சரிங்கய்யா. புரியுது. சொல்றேங்கய்யா. கட்டாயம் சொல்றேன்.

— என்ன சொன்னார்?

— பிரதி எல்லாருக்கும் போயாச்சாம், திருப்பி வாங்க முடியாதாம். வேணும்னா நாளைக்குக் கூட்டத்துல நீயே எழுந்து நின்னு, அந்தச் சொல்லைப் பயந்து சேர்த்தது நான்தான், எடுத்துடுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுன்னார். ஏன்னு கேப்பாங்க, சொல்லத் தெரியணும்னார்.

— சொல்லுவியா?

— சொல்லுவேன். முதல் விமானத்துக்குக் கோடு விழுந்ததையும் சேர்த்தே சொல்லுவேன். உங்க கணக்கு தப்பினதையும் சொல்லலாம் இல்ல?

— அதைத்தான் முதல்ல சொல்லணும். தப்பினதையும், திருத்தினதையும். மத்தியானத்துக் கணக்கு மட்டும் போதாது, பறக்கற நேரத்துல பலூன் வேணும்னு அந்தப் பத்தியில இன்னொரு வரி எழுது.

— எழுதறேன். ஆனா அண்ணனோட சங்கம் எதிர்த்துத்தான் வாக்களிக்கும். ஒரு விமானம் ஏறினதால நூறு விமானி மாறிடுவாங்களா என்ன? தோத்தாலும் பரவாயில்ல, அண்ணி, நான் சொல்லிடுவேன். ஃபோன் அடிக்குது. கன்ட்ரோல்தான். ஸ்பீக்கர்ல போடறேன்.

— மேடம், கேப்டன் விளக்குப் போட்டு, எல்லாரையும் உக்கார வெச்சுட்டுத்தான் ஏறினார், அதான் தாமதம். யாருக்கும் ஒண்ணும் இல்ல.

— நல்லது, தம்பி. வேற ஏதாவது சொன்னாரா?

— சொன்னார் மேடம். எண்பது கிலோமீட்டர் பின்னால வர்ற விமானிதான் ரேடியோவுல வந்தார். உங்க கோடு வெட்டின மாதிரி நின்னுடுச்சு, என்ன செஞ்சீங்கன்னு கேட்டார். முப்பத்தேழுக்கு ஏறினேன்னார் கேப்டன். அப்புறம், இருபத்தெட்டு வருஷமாப் பறக்கறேன், எனக்குப் பின்னால என்ன விட்டுட்டுப் போறேன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்ல, எப்படி இருக்குன்னு சொல்லுங்கன்னார். அவர் சொல்லச் சொல்ல, இவர் கேட்டுக்கிட்டே போனார்.

— தம்பி, லைன்ல இருக்கீங்களா? சத்தம் விட்டு விட்டு வருது.

— இருக்கேன் மேடம், இங்க ஒரே களேபரமா இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டு இருந்த எல்லாரும், பின்னால வரிசையா வர்ற ஏழு விமானமும், முப்பத்தேழாயிரம் கேக்கறாங்க. எனக்குக் கொடுக்க இடம் இருக்கு, கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த விதி இன்னிக்கே வந்துடுச்சா, மேடம்?